மாயாவின் சால மரம்

அப்பாவு ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் கலாசியாக இரும்பு தூக்கியவர். அப்படிப்பட்டவர், ஒரு முழ உயரக் கன்றை வியாசர்பாடியிலிருந்து விம்கோ நகர்வரை பஸ்ஸில் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

அது செத்துப்போன மகள் பெயரில் நட வேண்டிய கன்று. தாவரவியல் படித்த மாயா, அங்கே பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளும் பாட்டிலுமாகக் கிடந்த நிலத்தில் நம் மண்ணின் மரங்களை மட்டும் வைத்துத் தோட்டம் போடக் கிளம்பினாள். ஊரார் ஆளுக்கொரு கன்று நன்கொடையாகத் தர வேண்டும், தந்தவர் சொல்லும் பெயரில் பலகை நடலாம் என்பது அவள் போட்ட சட்டம். புங்கனும் பூவரசும் இலுப்பையும் வந்து சேர்ந்துகொண்டிருந்தபோது டெங்குக் காய்ச்சல் ஐந்தே நாளில் அவளைக் கொண்டுபோனது. இருபத்திரண்டு வயது. இதற்கெல்லாம் சமாதானம் சொல்ல வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவு கொண்டுவந்தது சால மரம். புத்தர் கண்மூடியது இரண்டு சால மரங்களுக்கு நடுவில்தான் என்று எப்போதோ வந்த பிக்கு ஒருவர், வியாசர்பாடி விகாரையில் நின்ற மரத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தத் தெருவே அதன் பூவைப் பொறுக்கித்தான் புத்தருக்கு வைக்கிறது. மகளும் அந்த நிழலில் படுத்துக்கொள்ளட்டும் என்று, விதை போட்டு அவரே முளைக்கவைத்த கன்று.

தோட்டப் பொறுப்பு இப்போது மாயாவின் தோழி ரோசியிடம் இருந்தது. காசிமேட்டுப் பெண், வாய் சும்மா இருக்காது. நட்ட அன்று அவள் ஒரு வார்த்தை பேசாமல் மண்ணைத் தள்ளினாள். பேராசிரியை தேவப்பிரியமும் கன்றைப் பார்த்தார், அப்பாவுவின் முகத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் அப்பாவு தண்ணீர் ஊற்ற வந்தார். கன்று இடுப்பளவு வந்தது.

குட்டு உடைந்தது இசக்கிப்பாண்டியால். தண்டையார்பேட்டை மளிகை வியாபாரி. அவர் ஆசையாகக் கொண்டுவந்த குல்மொகர் கன்றை, வெளிநாட்டு மரம் என்று ரோசி திருப்பியதும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“அந்தா நிக்கிற நாகலிங்கம் மட்டும் எந்த ஊரு மரம்? அதுவும் கடல் தாண்டி வந்ததுதான. ஆளுக்கொரு சட்டமா?”

கேட்டதில் தப்பில்லை. அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது, பாவம்.

அப்பாவு குடத்தை வைத்துவிட்டு ரோசியைப் பார்த்தார். அவள் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். சால மரம் வேறு, வடக்கே காட்டில் வளர்வது. இது நாகலிங்கம், பிக்குகளே பல ஊரில் இதைச் சால மரம் என்றுதான் நம்புகிறார்கள். ஆனால் இதுவும் வெளிநாட்டு மரம், இந்தத் தோட்டத்தில் இருக்கக் கூடாது.

“என் பொண்ணு இருந்தா இத்த புடுங்க வுட்டிருக்க மாட்டா” என்றார் அப்பாவு.

ரோசி அழுதுகொண்டே பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். மாயாவின் நோட்டு. கடைசிப் பக்கத்தில், சேர்க்கக் கூடாத மரங்கள் என்ற தலைப்பின் கீழே மூன்றாவதாக நாகலிங்கம் இருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்து: ‘நைனா இதத்தான் எத்துகினு வரும். நானே பொறுமையா சொல்லிக்கிறேன். வேற யாரும் சொல்ல வேணாம்.’

அப்பாவு இரண்டு தடவை படித்தார். பிறகு உட்கார்ந்து, வேர் அறுந்துவிடாமல் கையாலேயே மண்ணைப் பறித்தார். உதவ வந்த ரோசியைத் தடுத்துவிட்டார். கன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தவர், மாயாவின் பெயர்ப்பலகையைப் பிடுங்கவில்லை.

“குழிய மூடாதம்மா. அந்த நோட்டுல நான் இன்னா மரம் எத்துகினு வரணும்னு எழுதிக்கீதான்னு பாரு.”

ரோசி நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். அவர் நின்றுகொண்டிருந்தார். அப்படி எதுவும் மாயா எழுதிவைத்திருக்கவில்லை.