சத்தம் போடாமல் ஒரு சண்டை

1.
இந்தக் கதைக்கு மூலகாரணம் என் தங்கை வீட்டுச் சண்டை. அவளேதான் சொன்னாள். "எழுதித் தொலைச்சிடாதே" என்றும் சொன்னாள். எழுத்தாளனிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

முதல் வரி: ஒளி என்பது ஒரு வலை—

(அடித்துவிட்டேன். "வலையாவது மண்ணாங்கட்டியாவது!" என்று திட்டுவாள்.)

2.
காற்றை உறிஞ்சியெடுத்த பெட்டிக்குள், தூசியைவிடச் சின்னதான கண்ணாடித் துகளை லேசர் ஒளியால் அந்தரத்தில் நிறுத்துவது அவள் வேலை. துகள் சும்மா இருக்காது, துடிக்கும். அது துள்ளுவதற்கு ஏற்ப ஒளியைக் கூட்டிக் குறைத்து அடக்க வேண்டும். துடிப்பு அடங்க அடங்கத் துகள் குளிரும். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அதனால் அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் குசுகுசுப் பேச்சுதான்.

மாதக்கணக்கில் பாடாய்ப் படுத்திய துகள் அன்றைக்குத்தான் அடங்கத் தொடங்கியது. நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்து நின்றார். வேறு ஊரில் வேலை கிடைத்து, இவளைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார்.

3.
(இங்கே ஒரு கூச்சல் வைத்திருந்தேன். பிரமாதமான கூச்சல். துகள் விழுந்துவிடுமே என்று எடுத்துவிட்டேன்.)

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள், குசுகுசுவென்று.

"கேட்டா வேணாம்னுதானே சொல்லுவே?"

"ஐயோ, மெதுவா!"

"மெதுவாத்தானே கத்தறேன்!"

குசுகுசுத்துக்கொண்டே எவ்வளவு நேரம்தான் கோபப்பட முடியும்? மாப்பிள்ளைக்கு முதலில் குரல் இறங்கியது, பிறகு தோள். திரையில் துகள் இருந்த இடத்தைக் காட்டிய பச்சைப் புள்ளியை எட்டிப் பார்த்தார்.

"இதுதானா அது?"

"இதேதான்."

"இதை விட்டுட்டு வான்னா வரமாட்டே."

"மாட்டேன். உங்களை விட்டுட்டும் இருக்க முடியாது. அதான் அழுகையா வருது."

"சாயங்காலத்துக்குள்ள சொன்னா, அந்த வேலையை வேணாம்னுடலாம்" என்றார்.

(இந்த மனுஷன் இவ்வளவு சுலபமாக இறங்குகிறவரா? எனக்கே சந்தேகமாக இருக்கிறது.)

4.
முதல் முடிவு: வேலையை வேண்டாம் என்கிறார். சுத்த சினிமா.

அடுத்தது: அவள் லேசரை அணைத்துவிட்டு, மூட்டை முடிச்சோடு—

(முடிக்க மனசு வரவில்லை. என் தங்கை ஐயா அவள்!)

இப்போது மாப்பிள்ளையின் கை கதவுப் பிடியில் இருக்கிறது. வெளியே போய்ச் சாத்துவாரா, உள்ளிருந்தே சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவாரா, எனக்குத் தெரியாது. துகள் இன்னும் அந்தரத்தில்தான் நிற்கிறது. தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். இனி இந்தப் பக்கத்தை மூடப்போவது நீங்கள்தான். கொஞ்சம் மெதுவாக மூடுங்கள்.