ஓர் ஆள் அதிகம்

தேசிய இளையோர் ஐஸ் ஹாக்கிப் போட்டி கெஸ்டல் ஊரில் நடந்த அந்த மே மாதம், கோல் கீப்பரோடு சேர்த்து ஆறு பேரை இறக்கிய ஊர் அணியில் நடுவர்கள் ஏழு பேரை எண்ணினார்கள். ஏழாவது ஆள் நவம்பரிலிருந்து ஊர் ஏரிக்கு அடியில் இருந்தான். ஊருக்கு இது தெரியும், நடுவர்களுக்குத் தெரியாது. குளிர்காலம் முழுக்க நடந்த லீக் ஆட்டங்களில் பக்கத்து ஊர் நடுவர்களும் எண்ணத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் அந்த ஏழாவது ஆளான பென்ஸியை அறிந்தவர்கள், எண்ணிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தேசியப் போட்டிக்கு வந்தவர்களோ கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் விமானத்தில் வந்த பெரிய மனிதர்கள். ஆள் அதிகம் என்று கையைத் தூக்கினார்கள், சட்டப்படி இரண்டு நிமிடம் ஓர் ஆளைக் குறைத்து ஆடு என்றார்கள். கெஸ்டல் ஆள் குறைத்து ஆடியபோதும் ஆள் அதிகமாகவே இருந்தது.

பென்ஸியின் முழுப்பெயர் லெய்ட்டன் பென்னி. நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் ஒரு மீன்பிடி கிராமத்துப் பையன், பதினெட்டு வயது, வலது ஓரத்து ஆட்டக்காரன். வெளியூரிலிருந்து ஊர் அணிக்கு ஆட வரும் இந்த மாதிரிப் பையன்களை ஊர்க் குடும்பங்கள் சீசன் முழுக்கத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போடும். பென்ஸியும் அவன் அணித் தோழன் ரெமி குரோவும் டார்லீன் கோவல் வீட்டில் இருந்தார்கள். டார்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கணவன் எட் ஊருக்கு இன்னும் வடக்கே உள்ள ஒரு சுரங்கத்தில் வேலை பார்த்தான், மாதத்தில் பாதி வீட்டில் இருக்க மாட்டான். சொந்தப் பிள்ளை இல்லை. ஆனால் வருடத்துக்கு இரண்டு பையன்கள் அவள் வீட்டில் வளர்ந்து, அவளுடைய சலவை இயந்திரத்தைக் கெடுத்து, குளிர்பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போவார்கள். போகிற நாளுக்கென்று ஒரு முறை இருந்தது. பையன் படுக்கை விரிப்பை உருவி மடித்து வைப்பான், வீட்டுச் சாவியைச் சமையலறை மேசையில் வைப்பான். வண்டி தெருமுனை திரும்பியதும் டார்லீன் அவனைப் பெற்றவளுக்கு போன் போட்டு, "கிளம்பிட்டான், வழியில இருக்கான்" என்பாள். அதைச் சொன்னால்தான் அவளுக்கு அந்த வருடம் முடியும்.

நவம்பரில் ஒரு சாயங்காலம் பயிற்சி முடிந்து, ரெமி குளித்துவிட்டு வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், பசிக்கிறது என்று பென்ஸி உறைந்த ஏரியின் வளைவைக் குறுக்கே நடந்து வீட்டுக்குப் புறப்பட்டான். ஊரார் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். எங்கே அடியில் நீர் ஓடுகிறது, எங்கே ஐஸ் தாமதமாக இறுகும் என்று அவர்கள் காலுக்கே தெரியும். கடல்காரப் பையனுக்கு ஏரியைத் தெரியாது. வீட்டில் அடுப்பில் அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் இருந்தது, அவனுக்கு மிகவும் பிடித்தது. தேடினார்கள். தேடிக்கொண்டிருக்கும்போதே குளிர் இறங்கி ஏரி முழுக்க மூடிக்கொண்டது. அவன் அப்பா வந்து கரையில் இரண்டு நாள் நின்றுவிட்டுத் திரும்பினார். அவன் அம்மா ஐரிஸ் ஞாயிற்றுக்கிழமைதோறும் டார்லீனுக்கு போன் செய்து ஒன்றே ஒன்று கேட்பாள்: ஐஸ் போய்விட்டதா? இன்னும் இல்லை என்று டார்லீன் சொல்வாள்.

டிசம்பரில் பென்ஸியின் துண்டு காலையில் நனைந்திருக்கத் தொடங்கியது. நீ எடுத்தாயா என்று டார்லீன் ரெமியைக் கேட்டாள். இல்லை என்றான் அவன். மாடிப்படியில் ஈரக் காலுறைச் சத்தம் கேட்கிறது, சொன்னால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று சொல்லவில்லை என்றான். டார்லீன் பயப்படத்தான் செய்தாள், முதல் வாரம் விளக்கை அணைக்காமல் படுத்திருந்தாள். அதன்பின் அவளுக்கு வேறொரு பயம் வந்தது, ஒருநாள் வராமல் இருந்துவிடுவானோ என்று. அதனால் மேசையில் மறுபடியும் மூன்று தட்டு வைத்தாள். மூன்றும் காலியாயின. விடுப்பில் வந்த எட் பென்ஸியின் நாற்காலியில் இருந்த ஈரத்தைப் பார்த்தான், ஒரு பழைய துணியை மடித்து அதன்மேல் போட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அரங்கத்தின் உடைமாற்றும் அறையில் பத்தொன்பதாம் எண் ஜெர்சியைப் பென்ஸியின் இடத்திலேயே மாட்டி வைத்திருந்தார்கள். மற்றவர்களின் ஸ்கேட் காலணிக் கத்தியைத் தீட்டும்போது அவனுடையதையும் சேர்த்துத் தீட்டினார்கள். இறந்த பையனுக்கு மரியாதை என்று தொடங்கியது அது. பிறகு ஆட்டம் முடிந்ததும் அந்த ஸ்கேட்டிலிருந்து நீர் சொட்டியது. அதில் ஏரி வாசனை அடித்தது.

அந்த வருடம் ஏரி திறக்கவில்லை. வழக்கமாக மே நடுவில் ஐஸ் கறுத்து நெளியும். இந்த முறையோ மீன்பிடிக்காரர்கள் துளை போட்டுப் பார்த்து, பிப்ரவரியைவிடத் தடிமன் என்றார்கள். அதற்கிடையில் போட்டிக்கு நாடெங்கும் இருந்து அணிகள் வந்து இறங்கின. போட்டி நடத்தும் ஊருக்கு ஜெயிக்காமலேயே ஓர் இடம் உண்டு. அதை வைத்து வெளியூர் ரசிகர்கள் கெஸ்டல்காரர்களை, ஓசி டிக்கெட்டில் உள்ளே வந்தவர்கள் என்று கேலி செய்தார்கள். முதல் ஆட்டத்தில் ஆள் அதிகம் என்ற தண்டனை மூன்று முறை விழுந்ததும் கேலிக்கு வேறு தீனி கிடைத்தது. கூட்டமாக விரலை மடக்கி மடக்கி எண்ணிக் காட்டி, "உங்க ஊர்ல பள்ளிக்கூடமே இல்லியாடா?" என்று கத்தினார்கள். பயிற்சியாளர் மர்ரே நடுவரிடம் போய்ப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டினார், ஆறு வந்தது. நடுவர் விரல் நீட்டி எண்ணினார், ஏழு வந்தது. ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். ஓடவிட்டால் ஏழு பேர் இருந்தார்கள், நிறுத்தினால் ஆறு பேர் இருந்தார்கள். கெஸ்டல் அந்த ஆட்டத்தில் தோற்றது. அடுத்த இரண்டையும் தட்டுத் தடுமாறி வென்றது, ஆள் குறைவாக ஆடியே பையன்களுக்குப் பழகிவிட்டிருந்தது.

போட்டிக் குழுவிலிருந்து நீலக் கோட்டு போட்ட ஒருவர் மர்ரேயைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே இல்லை. அரையிறுதிக்கு முன்னால் அந்த ஜெர்சியையும் ஸ்கேட்டையும் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள், இறுதி ஆட்டம் என்று ஒன்று உங்களுக்கு வாய்த்து அதில் ஓர் ஆள் கூடினால் ஆட்டமே உங்களுக்கு இல்லை என்றார். மர்ரே தலையாட்டினார். ஜெர்சியை மடித்து ஸ்கேட்டோடு டார்லீனிடம் கொடுத்து, வீட்டில் வைத்துக்கொள் என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அன்றைக்கு மூன்றாவது தட்டு அப்படியே இருந்தது. அதிலிருந்த முட்டையின் மேல் மெல்லியதாக ஐஸ் படிந்திருந்தது.

அரையிறுதியில் நடுவர்கள் சரியாக ஆறு எண்ணினார்கள். முதல் பாதி நேரம் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஆடுதளத்தின் அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கதவைத் தாழிட்டுவிட்டால் வெளியே நிற்பவன் தட்டுவானே, கோபமில்லாமல், விட்டு விட்டு, அப்படித்தான். அது கோல்வலைக்கு அருகே கேட்டது, நடுவட்டத்தில் கேட்டது, ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் கீழே நின்றுவிட்டது. விரல் மடக்கி எண்ணியவர்கள் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். எதிரணி கோல் கீப்பர் தன் காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு அவன் பக்கத்தில் வழுக்கி வலைக்குள் போனது. அந்த ஒரு கோலில் கெஸ்டல் இறுதிக்குப் போனது. ஊரில் யாரும் கொண்டாடி வண்டி ஹாரன் அடிக்கவில்லை. டார்லீன் வீட்டுக்குப் போய்ப் பேருந்துச் சாவியைக் கையில் வைத்தபடி வெகுநேரம் அழுதாள். அந்தப் பையன் பிழைத்து வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். இப்படி வெளியே நிறுத்தி வைத்தால் அவன் எப்போதுமே வீடு போய்ச் சேரமாட்டான் என்பதும், அவன் அம்மாவுக்குச் சொல்வதற்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் "இன்னும் இல்லை" என்பது மட்டும்தான் மிஞ்சும் என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

இறுதி ஆட்டத்தன்று டார்லீன் ஜெர்சியையும் ஸ்கேட்டையும் எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் நேராகப் போனாள். பெண்கள் நுழையாத அறை அது. பாதி உடையில் இருந்த பையன்கள் துண்டைத் தேடினார்கள்.

"மர்ரே, சீசன் முடியாம எந்தப் பையனும் என் வீட்ட விட்டுப் போனதில்ல," என்றாள். "இவனும் போகமாட்டான். இவன் முடிக்காம அந்த ஏரியும் திறக்காது. வீட்டுல நான் தட்டு வைக்கிறேன். நீங்க ஒரு எடம் வைங்க."

"வீட்டுல ஒரு தட்டு கூடுதலா வச்சுக்கலாம் டார்லீன். இங்க கூடுதலா வைக்க முடியாதும்மா. ஒருத்தன எடுத்தாத்தான் ஒருத்தனுக்கு எடம்."

அது எல்லோருக்கும் சீசனின் கடைசி ஆட்டம், பலருக்கு வாழ்க்கையிலேயே கடைசி. ரெமி குனிந்து தன் ஸ்கேட் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். இருபது வயது அவனுக்கு, அடுத்த வருடம் இளையோர் அணியில் இடம் கிடையாது.

"தன் டீமுக்கு ஆள் தேடற அந்த அமெரிக்கக் காலேஜ்காரரு உன்னப் பாக்கத்தான் இவ்ளோ தூரம் வந்திருக்காரு," என்றார் மர்ரே.

"தெரியும்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சா மறுபடி கட்டிருவேன் கோச். சீக்கிரம் அவன் பேர எழுதுங்க." பிறகு காலியாயிருந்த மூலையைப் பார்த்து, "டேய், குளிக்கிற நேரம்கூட எனக்காக நிக்காதவனுக்கு எடம் குடுக்கறேன். ஒழுங்கா ஆடு," என்றான்.

டார்லீன் ஸ்கேட்டைக் கீழே வைத்து ஜெர்சியை அவன் இடத்தில் மாட்டினாள். அவள் கையை எடுப்பதற்குள் அதன் ஓரம் நனைந்து கனத்தது.

அன்றைக்கு கெஸ்டலின் முறை மாற்றி இறங்கும் குழுக்களில் இரண்டாம் வரிசை ஓர் இடத்தைக் காலியாக விட்டு இறங்கியது. கோல் கீப்பரோடு ஐந்து பேர் என்று கூட்டம் பார்த்தது. நடுவர்கள் எண்ணினார்கள், ஆறு வந்தது, சரி என்று வட்டைப் போட்டார்கள். ஆட்டம் முடியும்வரை ஆள் அதிகம் என்று ஒரு தண்டனைகூட இல்லை. பையன்கள் வட்டை வலது ஓரத்துக்கு, யாரும் இல்லாத இடத்துக்குத் தள்ளினார்கள். அது அங்கே நின்று, திசை மாறி, நனைந்து திரும்பியது. கடைசிப் பகுதியில் அங்கிருந்தே எழும்பிப் போய் வலையில் விழுந்தது. அறிவிப்பாளர் ஒரு முறை தொண்டையைச் செருமிவிட்டு, கோல் அடித்தவர் எண் பத்தொன்பது, லெய்ட்டன் பென்னி என்று மற்றப் பெயர்களைப் படிக்கிற அதே குரலில் படித்தார்.

ரெமி கோட்டும் டையும் கட்டி டார்லீனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அமெரிக்கக் காலேஜ்காரர் படியேறி அவனிடமே வந்து, அந்தப் பத்தொன்பதாம் எண் பையன் அடுத்த வருடம் எங்கே ஆடப்போகிறான் என்று விசாரித்தார்.

"அவன் வரமாட்டான் சார். வீட்டுக்குப் போறான்," என்றான் ரெமி. தன் பெயரைச் சொல்லவில்லை. பின்னாளில் அவன் கெஸ்டலிலேயே தங்கிச் சுரங்க வேலையில் சேர்ந்தான், டார்லீன் வீட்டுக்கு அடுத்த தெருவில் வீடு கட்டினான். அதைப் பற்றி வருத்தப்பட்டுப் பேசியதாக யாருக்கும் நினைவில்லை.

கெஸ்டல் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையாக வந்து கைகொடுத்துக்கொண்டார்கள். கெஸ்டல் வரிசையின் கடைசி ஆளைத் தாண்டிய பிறகும் வென்ற அணிப் பையன்கள் ஒவ்வொருவரும் இன்னொரு முறை கையை நீட்டினார்கள், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்கள். கோப்பையைத் தூக்கியபோது அவர்கள் எல்லோருடைய வலக்கையிலிருந்தும் நீர் சொட்டியது. துடைத்துக்கொள்ள யாரும் அவசரப்படவில்லை.

மறுநாள் மதியம் ஏரி பீரங்கி வெடித்தாற்போல் ஒரே சத்தத்தில் திறந்தது. சாயங்காலத்துக்குள் ஐஸ் முழுவதும் போய்விட்டது. அரங்கத்துக்கு நீர் எடுக்கும் குழாய்க்குப் பக்கத்தில், படகுத்துறையில் பென்ஸியைக் கண்டெடுத்தார்கள். நவம்பரில் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனவன் காலில் புதிதாகத் தீட்டிய ஸ்கேட் இருந்தது. போலீஸ்காரர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக்கொண்டார்.

ஆனால் டார்லீன் மதியம்வரை காத்திருக்கவில்லை. காலையில் அவள் கீழே இறங்கி வந்தபோது பென்ஸியின் சாவி சமையலறை மேசைமேல் சிறு நீர்க்குட்டையில் கிடந்தது. மாடியில் அவன் படுக்கையில் விரிப்பு இல்லை, நான்காக மடித்துத் தலைமாட்டில் வைக்கப்பட்டிருந்தது. அவள் சாவியைத் துடைத்து அடுத்த பையனுக்காக ஆணியில் மாட்டினாள், நியூஃபவுண்ட்லாந்துக்கு போன் போட்டாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. மறுமுனையில் ஐரிஸ் ஐஸைப் பற்றிக் கேட்கவில்லை.

"கிளம்பிட்டான் ஐரிஸ். வழியில இருக்கான்," என்றாள் டார்லீன்.

ஐரிஸ் கேட்டாள், "சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பினானா?"

டார்லீன் மூன்றாவது தட்டைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் அதில் முட்டைக்கோஸ் சுருட்டி வைத்திருந்தாள், தட்டு காலியாயிருந்தது.

"சாப்பிட்டான்," என்றாள். "ரெண்டாம் தடவ போட்டுக்கிட்டான்."