யார் தலைக்கு மேலே வானவில்

மாமியாரை வண்டி ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஜம்பமாக உட்கார்ந்து போகும் மருமகளைப் பார்த்தால் யாருக்கும் வாய் சும்மா இருக்காது. அவளும்தான் என்ன செய்வாள்? மணலில் ஜீப் ஓட்ட அந்தக் குடும்பத்தில் மாமியாரை விட்டால் ஆள் கிடையாது. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற கை அது. அவர் பெற்ற பிள்ளையோ மேட்டைக் கண்டாலே கியரை மறந்துபோகிற ரகம்.

மருமகளுக்குத் தொழில் புகைப்படம். பாலைவனத்தைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் அச்சுக்குத் தயாராக இருந்தது. கடைசி இரண்டு பக்கத்துக்கு மட்டும் படம் அமையவில்லை. புயல் வெளிச்சத்தில் மணல்மேடு, அதன்மேல் வானவில். இன்று சாயங்காலத்துக்குள் வந்தால் உண்டு, வராவிட்டால் வெறும் மணலைப் போட்டு முடித்துவிடுவேன் என்று பதிப்பாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வானவில்லுக்காக மருமகள் மூன்று வருஷமாக அலைகிறாள். இங்கே பெய்கிற மழையும் லேசுப்பட்டதல்ல. பாதி வழி இறங்கி, தரையைத் தொடாமலே காற்றில் காய்ந்துபோகும்.

இந்தத் தடவை அவளே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கும் வெறுங்கையோட வந்தா, திங்கட்கிழமை நீங்க பாத்து வெச்ச வேலைக்குப் போயிடறேன் அத்தை. இனிமே மழை, வானம்னு கிளம்ப மாட்டேன்." அந்த வேலை, பள்ளிக்கூடங்களுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கும் கம்பெனியில். ஒரு நாளைக்கு முந்நூறு முகம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே நீலத் திரை.

"சொன்ன வாக்கு என்ன ஆகுதுன்னு நானே பக்கத்துல இருந்து பாக்குறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டார் மாமியார்.

மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். மேகம் கன்னங்கரேலென்று திரண்டிருந்தது. அதன் கறுப்பு எடுப்பாக விழட்டும் என்று மருமகள் லென்ஸின் முகப்பில் ஒரு ஃபில்டரை மாட்டித் திருகி நான்கு படம் எடுத்தாள். மாட்டியவள் கழற்ற மறந்தாள். அதுதான் பின்னால் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

மூன்றரை மணிக்கு மேடுகளுக்கு அப்பால் மழைத் தாரை தொங்க ஆரம்பித்தது. படம் பிடிக்க வந்திருந்த வேறு மூன்று வண்டிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அதை நோக்கிப் பறந்தன.

மாமியார் இன்ஜினை முடுக்கினார். "ஏறும்மா! எல்லாரும் போறாங்க, நாம என்ன இங்க கோலி விளையாடவா வந்தோம்?"

"போகட்டும் அத்தை. மழைக்குள்ள போனா நனையலாம், வானவில் பாக்க முடியாது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கணும், மழை எதிர்ல இருக்கணும். நாம சரியா நடுவுல நிக்கிறோம்."

"அப்போ ஏன் இன்னும் வரல?"

மருமகள் மணலைக் காட்டினாள். "நம்ம நிழலைப் பாருங்க. இப்பதான் நம்ம உயரத்துக்கு வந்திருக்கு. நம்மளைத் தாண்டி நல்லா நீளணும். அப்ப வரும், அந்தப் பெரிய மேட்டோட வலது கோடியில கால் ஊனும்."

"என்னமோ நீ அழைப்பிதழ் அடிச்ச மாதிரி பேசுற!"

"ஆமா, அடிச்சேன்!" என்றாள் மருமகள். அவளுக்குத் துளிக்கூடச் சந்தேகம் கிடையாது. மூன்று வருஷம் தோற்றவளுக்கு எங்கெங்கே நிற்கக் கூடாது என்பதாவது அத்துப்படியாகி இருக்குமே.

முக்காலியில் கேமராவை நிறுத்தி, மேட்டின் வலது கோடிக்குக் குறி வைத்தாள். அகன்ற லென்ஸ் போட்ட இன்னொரு கேமரா கழுத்தில் தொங்கியது. காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அவள் தலையோடு சேர்த்துக் கேமராவையும் துணியால் போர்த்திக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். மாமியார் ஜீப்பின் மறைவில் நின்று நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். நிழல் ஆளைத் தாண்டியது. இரண்டு ஆள் நீளமானது.

திடீரென்று மேகத்தின் அடியில் வெயில் புகுந்து மணல் முழுக்கச் செம்புப் பாத்திரம் துலக்கியதுபோல் ஜொலித்தது. கேமராவுக்குள் மருமகள் பார்த்தாள். ஜொலிக்கும் மேடு, கரிய மேகம். வானவில் மட்டும் இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். வரவேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

"அடேயப்பா!" என்று வெளியே மாமியார் கத்தினார். "வந்துடுச்சும்மா! எடு, எடு!"

"எங்க வந்துச்சு? ஒண்ணுமில்ல."

"எதிர்லதான் குத்துக்கல்லாட்டம் நிக்குது! கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"நான் அதைத்தான் பாத்துட்டு இருக்கேன். உங்க மூக்குக்கண்ணாடியில ஏதாவது தெரியும். சும்மா இருங்க அத்தை!" என்று சிடுசிடுத்தாள் மருமகள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராதவள். பயம் வந்தால் மரியாதை முதலில் ஓடிவிடுகிறது.

மாமியார் நேரே வந்து துணியைப் பற்றி ஒரே இழுப்பில் உருவினார். "பெட்டிக்குள்ள பாத்தது போதும். நிமிர்ந்து பாரு."

மருமகள் நிமிர்ந்தாள். வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முழு வில். வலது கால், அவள் சொன்ன அதே இடத்தில் மணலில் ஊன்றியிருந்தது. மறுபடி கேமராவுக்குள் பார்த்தாள். காணோம்.

"ஐயோ, ஃபில்டர்!"

துளியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை அடக்குவது அந்த ஃபில்டரின் குணம். வானவில் என்பதே துளியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம்தானே. தப்பான பக்கம் திருகி வைத்தால் ஈரத்துணியால் பலகையைத் துடைத்ததுபோல் துடைத்துவிடும். நேற்றுக் கேமரா தூக்கியவன்கூடச் செய்ய மாட்டான் என்று தன்னையே திட்டிக்கொண்டு வளையத்தைக் கழற்றினாள். உள்ளே ஏழு நிறமும் பளிச்சென்று எழுந்து நின்றன. விரல் அதுபாட்டுக்கு அழுத்தியது. மேட்டின் கோடியை முடித்ததும், கழுத்துக் கேமராவைத் தூக்கி வில்லை முழுசாக அடைத்தாள்.

"என் நிழல் விழுதே, நகரவா?" என்றார் மாமியார்.

"நகராதீங்க. அப்படியே நில்லுங்க."

நாலைந்து நிமிஷத்தில் வில் கரைந்துபோயிற்று. அது போதும்.

திரும்பும் வழியில் மாமியார் வண்டியை நிறுத்திப் படத்தை வாங்கிப் பார்த்தார். மணலில் நீளமாக இரண்டு நிழல்கள், மேலே வில். "இது என்ன அநியாயம்? என் தலைக்கு நேராத்தான் நடு இருந்துச்சு. படத்துல உன் தலைக்கு நேரா இருக்கு!"

"அவங்கவங்களுக்கு அவங்கவங்க தலைக்கு நேராத்தான் தெரியும் அத்தை. நீங்க எடுத்திருந்தா உங்க தலைக்கு மேல இருந்திருக்கும்."

மாமியார் 'உம்' கொட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினார். மருமகளுக்கு மனசு உறுத்திக்கொண்டே வந்தது. "மன்னிச்சுக்குங்க. எடுத்தெறிஞ்சு பேசிட்டேன். நீங்க பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. திங்கட்கிழமை நீங்க நினைச்சபடி வேலைக்குப் போயிருப்பேன்."

"தெரியும். ஒரு நிமிஷம் அந்த நினைப்பும் வந்துச்சு." மாமியார் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவ நான். ஸ்டாப்புல ஒருத்தி கை காட்டிட்டு நிக்கும்போது, பாக்காத மாதிரி போனதே இல்ல. இப்பவா போவேன்?"

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் சிக்னல் வந்தது. படங்களைப் பதிப்பாசிரியருக்கு அனுப்பிவிட்டு அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. மாமியார் வண்டியை ஓரம் கட்டித் தன் போனை எடுத்தார். பேசியது அடையாள அட்டைக் கம்பெனிக்காரரிடம்.

"திங்கட்கிழமை என் மருமக வரமாட்டா. வேற ஆளைப் பாத்துக்குங்க. ஆமா, நான்தான் கேட்டேன், நான்தான் இப்ப வேண்டாங்கறேன்."

மருமகள் பதறினாள். "அத்தை, புத்தகக்காரர் இன்னும் ஒண்ணும் சொல்லலையே!"

"அவர் படத்தைத்தான் பாப்பாரு. நான் வானத்தையே பாத்துட்டேன்." கியரைப் போட்டார். "அடுத்த மழை எப்பன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லு. பின்னாடி டயர் ரெண்டையும் மாத்தணும்."