வெட்டிப் போடும் அளவு

முதல் ஷிப்ட் முடித்து நான் காட்டுப்பாக்கம் வந்து சேர்ந்தபோது, ஞானகுமாரி லேப்டாப்பை மூடி, துண்டு ஒன்றைச் சுற்றி, பீரோ மேல் ஏற்றி வைத்திருந்தாள். அந்த நேரத்தில் அது எப்போதும் திறந்தே கிடக்கும். பக்கத்தில் டீ ஆறிக் கிடக்கும்.

"இன்னா ஞானம், இன்னிக்குப் படிப்பு இல்லியா?"

"இல்ல. சனிக்கிழமையும் நான் போப்போறது இல்ல."

சனிக்கிழமைதான் அவளுக்கு செய்முறைத் தேர்வு. என் மனைவி தபால் வழியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். கல்யாணத்தோடு விட்ட படிப்பை, எங்கள் மகள் ஜெனிஷா ஹைஸ்கூல் போன பிறகு மறுபடி பிடித்தாள். இரண்டாம் வருடத்தில் எல்லாம் தேறிவிட்டாள், இந்த ஒன்றைத் தவிர. மாக்சிமா என்று ஒரு கணக்கு சாப்ட்வேர். அதில் கணக்கு போட்டுக் காட்ட வேண்டும். போன தடவை தவறிவிட்டாள். இந்தத் தடவையும் விட்டால் பதிவு முடிந்துபோகும். மறுபடி முதல் வருடத்திலிருந்து சேர வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பு இல்லை.

இரண்டு மாதமாக, நான் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தோம். நான் புத்தகத்திலிருந்து கணக்கைப் படிப்பேன், அவள் தட்டுவாள். எனக்கு எழுத்து வந்ததே நாற்பதுக்குப் பிறகு, அதுவும் அவள் சொல்லிக் கொடுத்துத்தான். எழுத்துக் கூட்டி மெல்லத்தான் படிப்பேன். அவளும் ஒற்றை விரலால் மெல்லத்தான் தட்டுவாள். அதனால் சரியாகப் போனது. 2x என்று அப்படியே அடித்தால் அது ஏற்காது, நடுவில் நட்சத்திரக் குறி போட வேண்டும். அதைப் பழகவே அவளுக்கு ஒரு வாரம் ஆனது. பழகிய பிறகு 'டிஃப்' என்று கொடுத்தால் வகையிட்டுத் தரும், 'சால்வ்' என்று கொடுத்தால் விடையைக் கொட்டும். நோட்டில் இரண்டு பக்கம் போகும் கணக்கு ஒரு வரியில் வந்து நிற்கும்போது அவள் என் தொடையில் தட்டுவாள்.

"இன்னா ஆச்சு, சொல்லு."

"இன்னிக்கு சென்டர்ல மாடல் டெஸ்டு. அந்தத் தகடு கணக்குதான் வந்துச்சு. நாம போட்டதுதான்."

எனக்கு நினைவிருந்தது. பதினாறு அங்குல நீளம், பத்து அங்குல அகலம் உள்ள தகட்டின் நாலு மூலையிலும் ஒரே அளவில் சதுரம் வெட்டி, ஓரங்களை மடித்து, மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். அதிகம் கொள்ள, எவ்வளவு வெட்ட வேண்டும்?

"இருபதின் கீழ் மூணுன்னு எழுதினேன். அங்க பாடம் எடுக்கற திவ்யா மேடம் எல்லார் எதிர்லயும் பேப்பரத் தூக்கிக் காட்டி, 'தகடே இல்லாம பெட்டி செய்யறீங்களேம்மா'ன்னாங்க. எல்லாம் சிரிச்சிதுங்க. என் பொண்ணு வயசுப் புள்ளைங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். எனக்குச் சோறு போட்டாள்.

சாப்பிடும்போதுதான் உறைத்தது, அந்த விடை நான் சொன்னது. அந்தக் கணக்கை வீட்டில் போட்ட அன்று லேப்டாப் இரண்டு விடை கொடுத்தது. ஒன்று இருபதின் கீழ் மூன்று, அதாவது ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைச்சல். இன்னொன்று இரண்டு. "இதுல எதுங்க எடுக்கறது?" என்று அவள் கேட்டாள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்பவன். யோசிக்கவே இல்லை. "பெரிசு எடு. டவுட்டுன்னா நாங்க பெரிசாத்தான் வெட்டுவோம். அதிகமானா தேச்சிக்கலாம், கம்மியானா ஒட்ட முடியாது" என்றேன். அவள் அதை நம்பி எழுதிக்கொண்டாள். இப்போது அவமானப்பட்டு வந்து நிற்கிறாள், என் பேரை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கிராப் பெட்டியைக் கிளறி, பதினாறுக்குப் பத்து தேறும் ஒரு தகட்டை எடுத்தேன். அகலப் பக்கத்தில், இந்த ஓரத்திலிருந்து ஆறே முக்காலுக்கு ஒரு நூல் குறைத்து ஒரு கோடு கீறினேன். அந்த ஓரத்திலிருந்து இன்னொன்று. இரண்டு கோடும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருந்தன. ஸ்கேலைத் திருப்பி வைத்து மறுபடி அளந்தேன். அப்படியேதான் இருந்தது.

என்னோடு வேலை செய்யும் முகமது இஸ்மாயில் டிபன் பாக்ஸோடு வந்து எட்டிப் பார்த்தான். அவனிடம் கணக்கைச் சொன்னேன்.

"இன்னா மாமே, தகடு பத்து இஞ்சு. ரெண்டு பக்கமும் சேத்து பதிமூணுக்கு மேல வெட்டற. மிச்சத்த பக்கத்து ஷெட்டுல போயி வெட்டுவியா?"

"பெரிசா வெட்டறதுதானடா நம்ம வழக்கம்?"

"அது வெச்சிக்கிற சைஸுக்கு. இது வெட்டிப் போடற சைஸு. இதுல பெரிசா போனா கைல இன்னா நிக்கும்? இத்தினி வருசம் மெஷின்ல நின்னுகினு கீற, இதப் போயி என்னக் கேக்கற!"

அவன் சொன்னது சரிதான். அந்தத் தகட்டை அப்படியே பேப்பரில் சுற்றிக்கொண்டேன். கேட் சீட்டுக்காக ஃபோர்மேன் லோகநாதனிடம் போனேன்.

"இன்னா ரூபஸ், ஸ்கிராப்ப எங்க எடுத்துகினு போற?"

"ஊட்டுக்காரிக்கு சார்."

"தகரமா? நல்லா கொஞ்சற போ" என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கைகூட கழுவாமல் தகட்டை அவள் மடியில் வைத்தேன்.

"தப்பு உன்னுது இல்ல. நான் சொன்னதுதான் தப்பு. பாரு, வெட்டவே முடியாது."

ஞானம் தகட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒரு விளிம்பில் விரலை வைத்து, எதிர்ப்பக்கத்துக் கோட்டையும் தாண்டி, இந்தப் பக்கத்துக் கோடு வரை இழுத்துக்கொண்டு போனாள்.

"விளிம்பு கையக் கிழிக்கும், பாத்து" என்றேன்.

"நீங்க சொன்னீங்க, சரி. எழுதினது நான்தான? ஒரு துண்டுப் பேப்பர்ல வரைஞ்சி பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. லேப்டாப்புல வந்துட்டா சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த மேடம் சொன்னதும் இதத்தான். எனக்கு அப்ப காதுல ஏறல" என்றாள்.

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

லேப்டாப்பைத் திறந்து, வெட்டும் அளவுக்கு இருபதின் கீழ் மூன்றைக் கொடுத்தாள். பெட்டியின் கொள்ளளவு மைனஸில் வந்தது.

"ஐயே! ஐம்பத்தொம்பது கன அங்குலம், அதுவும் மைனஸு. இதுல இன்னாத்தப் போட்டு வெப்பாங்க?"

முந்தின நாளிலிருந்து இப்போதுதான் சிரித்தாள். அடுத்து அதைப் படமாகப் போடச் சொன்னாள். கோடு எழும்பி, இரண்டில் உச்சிக்குப் போய், இறங்கி, ஐந்தில் தரையைத் தொட்டு, அதற்கும் கீழே போனது.

"அஞ்சோட அகலம் தீந்துபோச்சு. அதுக்கு அப்பால தகடே இல்ல, இது பாட்டுக்குப் போட்டுகினே போவுது பாருங்க. நாமதான் நிறுத்தணும்."

"அப்ப சனிக்கிழமை?"

"அஞ்சு மணிக்கு எழுப்பி உடுங்க."

சனிக்கிழமை இஸ்மாயிலிடம் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, பூந்தமல்லியில் தேர்வு சென்டருக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். பத்துக்கு உள்ளே போனவள் ஒரு மணிக்கு மேல்தான் வந்தாள். முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இன்னா கேட்டாங்க?"

"டின்னு டப்பா. ஒரு லிட்டர் புடிக்கணும், தகரம் கம்மியா ஆவணும், ஆரம் எவ்ளோன்னு. மூணு வெட கொடுத்துச்சுங்க. ரெண்டுல ஐ-ன்னு ஒரு எழுத்து ஒட்டிகினு கீது. மொதல்ல டப்பாவ வரைஞ்சிகினேன். ஐ போட்ட அளவுல எந்த டப்பாவும் செய்ய முடியாதுன்னு எழுதி, ரெண்டயும் அட்ச்சிட்டேன்."

"டெஸ்டு வெக்கறவங்க இன்னா சொன்னாங்க?"

"வெளியூர் சாரு, பெரியவரு. ஏன் அட்ச்சன்னு கேட்டாரு. சொன்னேன். மீதி இருக்கற அளவுலதான் தகரம் கம்மியாவும்னு எப்பிடித் தெரியும்னாரு. படம் போட்டுக் காட்டினேன். ரெக்கார்டுல கையெழுத்துப் போட்டுட்டு, உங்களுக்குத் தகர வேல தெரியுமாம்மான்னாரு."

"நீ?"

"எங்க ஊட்ல தெரியும்னேன்."

நான் வேறு பக்கம் திரும்பி டீ சொன்னேன். "பாஸா?" என்று கேட்கத் தைரியம் வந்தபோது டீ பாதி ஆகிவிட்டது.

"ரிசல்ட்டு அடுத்த மாசம்" என்றாள் ஞானம். ஆனால் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். மூன்றாம் வருட விண்ணப்பம். வரும்போதே ஆபீசில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பெஞ்சைத் துடைத்து அதை விரித்து, பாடங்களின் பேரை ஒவ்வொன்றாக என்னைப் படிக்கச் சொன்னாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதி வார்த்தை எனக்கு வாயில் நுழையவில்லை. காட்டுப்பாக்கம் வழியாகப் போகும் பஸ் இரண்டு வந்துவிட்டுப் போயின. நாங்கள் எழுந்திருக்கவில்லை.