தரைக்கு மேல் வந்த நல்லம்மா

1874இல் இலங்கையின் புசல்லாவைக்கு மேலிருந்த கோப்பித் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், சோதனையில் தவறிய பிள்ளைகள் ஒவ்வொரு தரமும் ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கினார்கள். அப்படிப் பதினொரு பேர் இருந்தார்கள். மூன்று வருடமாகத் தவறிய நல்லம்மா இடுப்புவரை போயிருந்தாள். ஆற்றில் இறங்கி நடப்பவளைப் போல மண்ணைக் கிழித்துக்கொண்டுதான் மலையேறிப் பழம் பறிக்கப் போவாள். அவள் போன வழியெல்லாம் சால் விழுந்து கோப்பிச் செடிகளின் வேர் அறுகிறதென்று கங்காணி குறைப்பட்டாரே தவிர, மற்றவர்கள் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து புதிதாக வந்த வாத்தியார் சுவக்கினுக்குத்தான் மனம் கேட்கவில்லை. ஆனாலும் அவரும் பழைய சட்டப்படியே நடந்தார்: பறித்த பழத்தை எடை போட்டு முடிந்த பிறகே பள்ளி, தவறியவர்களுக்குத் திரும்பவும் முதல் பக்கம். நான்காம் வருடமாக 'அ' எழுதிக்கொண்டே நல்லம்மா உறங்கிப்போன ஒரு சாயங்காலம் அவர் பிரம்பைத் தூக்கினார். வாசலில் அவளுடைய அம்மா பாப்பம்மா கூடையோடு நின்றாள்.

"விடியங்காட்டி எந்திரிச்சு மலைக்குப் போற புள்ளைங்க, வாத்தியாரே. அதுக்கு என்ன தெரியும், என்ன தெரியலன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

கேட்டதில்லை. சுவக்கின் தூக்கிய கையை இறக்கினார். அன்றிரவே பிரம்பை அடுப்பில் வைத்து எரித்தார்.

மறுநாளே தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு ஏறினார். பிள்ளைகளின் களைப்பைச் சொன்னார், துரை அசையவில்லை. மலைக்குக் கூட்டிப்போய் அறுந்த வேர்களைக் காட்டினார். "இன்னொரு தரம் தவறினா சால் இன்னும் ஆழமா விழுமுங்க, துரை." துரை குனிந்து அறுந்த வேர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "காலையில ரெண்டு மணி நேரம் பள்ளிக்கூடம். அதுக்கு மேல இல்ல."

அந்த இரண்டு மணி நேரம் போதுமாயிருந்தது. ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து கேட்டபோது, நல்லம்மாவுக்கு மூட்டைக் கணக்கெல்லாம் மனப்பாடம் என்றும், கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளில் மட்டுமே அவள் தடுக்கி விழுகிறாள் என்றும் தெரிந்தது. முதல் பக்கத்தை மூடிவிட்டு, தடுக்கிய இடத்திலிருந்தே தொடங்கினார். வருடத்துக்கொரு சோதனைக்குக் காத்திராமல் வெள்ளிக்கிழமைதோறும் சின்னச் சோதனை வைத்தார். ஒன்று பிடிபட்டால் ஒரு விரற்கடை மேலே வந்தார்கள். தைப்பொங்கலன்று மகளின் முழங்காலைப் பார்த்த பாப்பம்மா அதில் மஞ்சள் பூசினாள்.

மாசியில் கண்டியிலிருந்து சோதனை அதிகாரி வந்தபோது எட்டுப் பேர் தரைமேல் நின்றார்கள். நல்லம்மாவை விட்டால் மீதி இருவர் அடுத்த வருடம் மேலே வந்தார்கள். நல்லம்மா கணுக்கால் மண்ணுக்குள் இருக்க எழுந்து, 'கொக்கொன்று' என்ற சொல்லில் ஒரு மூச்சு நின்று, பிறகு பக்கம் முழுவதையும் வாசித்தாள். கடைசி வரியில் இரண்டு பாதங்களும் வெளியே வந்தன. அவள் குனிந்து மண்ணைத் தட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்த அதிகாரி, அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னார்.