ஊசி ஓடியாக வேண்டும்

திரையில் ஒன்றுமே நகராதபோதும் ஒரு டேப்லட் என்ன பாடு படுகிறது என்று தெரிந்தால், காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு வயிறு எரியும். திரைக்காரனுக்கு அந்த எரிச்சல் பழகிப்போயிருந்தது. டேப்லட்டின் திரைக்கும் மூளைக்கும் நடுவில் உட்கார்ந்து சேதி கடத்தும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுவது அவன் பிழைப்பு. அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவன் திரைக்காரன்தான்.

திரை ஒரு படத்தைக் காட்டி முடித்ததும் மூளையைத் தட்டி, "முடிந்தது, அடுத்தது உண்டா?" என்று கேட்கும். குறுக்கீடு என்பது இதுதான். நொடிக்கு அறுபது தடவை கேட்கும். வீடியோ ஓடும்போது கேட்டால் நியாயம். ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு ஒரு நர்ஸ் நோயாளியோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் விடாமல், "உண்டா? உண்டா?" மூளையும் கண்ணயரப் போகும்போதெல்லாம் அடித்துப் பிடித்து எழுந்து வந்து, "இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகும். இப்படி எழுந்து எழுந்து வருவதிலேயே பாட்டரி பாதி காலி.

நர்ஸ் என்று சும்மா சொல்லவில்லை. அவனுடைய அக்கா நர்ஸ். படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்க் கட்டு மாற்றி, ரத்த அழுத்தம் பார்த்து, அங்கேயே டேப்லட்டில் பதிவு செய்துவிட்டு வருவது அவள் வேலை. மருத்துவமனை அவள் கையில் கொடுத்த டேப்லட், தம்பியின் கம்பெனி செய்தது. ஒவ்வொரு நாளும் கடைசி வீட்டு வாசலில் அது உயிரை விடும்.

"உங்க கம்பெனி பொட்டிய வண்டிச் சக்கரத்துக்கு அடியில வெச்சு ஏத்தலாம்னு இருக்குடா," என்றாள் அக்கா போனில். "மேட்ரன் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. இந்த மாசம் பொறுத்துக்கறாங்களாம். அடுத்த மாசம் ஒரு தடவ பதிவு விட்டுப்போச்சுன்னாக்கூட என்னை ரெக்கார்டு ரூம்ல உக்கார வெச்சிடுவாங்களாம்."

"கொஞ்சம் பொறுத்துக்கக்கா. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்டேதான் இருக்க."

ரெக்கார்டு ரூம் அடித்தளத்தில் இருந்தது, ஜன்னல் கிடையாது. அக்காவோ ஒரு இடத்தில் உட்காரச் சொன்னால் முள்மேல் இருப்பதுபோலத் தவிப்பவள். அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கடைசி வீட்டுப் பெரியவர். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர். பெற்ற பிள்ளைகள் வந்தால்கூடச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அக்காவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புவார். இதைச் சொல்லும்போது அக்கா குரலில் ஒரு பெருமை இருக்கும். அந்தப் பெருமையை ஒரு பாட்டரி பறிப்பதா என்று திரைக்காரனுக்கு ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்தில் எழுதினான், ஆனால் சுத்தமாக எழுதினான். திரையில் மாற்றம் எதுவும் இல்லை என்றால் திரை வாயை மூடிக்கொள்ள வேண்டும். விரல் பட்டாலோ புதுப் படம் வந்தாலோ மட்டும் பேசலாம். அவ்வளவுதான் விஷயம். சோதித்துப் பார்த்தான். காலையில் சார்ஜ் போட்ட டேப்லட் சாயங்காலம் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதும் தெம்பாக இருந்தது. அவனுக்கே கை தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இனி இதை அடுத்த அப்டேட்டில் சேர்க்கக் கண்கூடு சம்மதிக்க வேண்டும்.

கண்கூடு என்பது மேலாளருக்கு வைத்த பெயர். எதைச் சொன்னாலும், "கண்கூடாப் பாக்கணும்" என்பார். அவருக்குத் தெரியாமல் வைத்த பெயர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது தெரியும், பட்டம் கொடுத்ததுபோலப் பூரித்துப்போயிருந்தார்.

"மிச்சமாகுதுன்னு சொல்றீங்க. ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"சார்ஜ் நிக்குமே சார். அதுலயே தெரியும்."

"அது சாயங்காலம் தெரியும். எனக்கு இப்பவே தெரியணும். திரை ஓரத்துல ஒரு ஊசி வைங்க. எவ்வளவு குறுக்கீடு மிச்சமாச்சுன்னு அது ஓடிக்கிட்டே காட்டணும். கண்கூடா."

அலுவலகத்தில் திரைக்கான படம் வரையும் பெண் ஊசியை வரைந்து கொடுத்தாள். குறை சொல்ல முடியாத ஊசி. லேசான நிழல், நுனியில் ஒரு மினுக்கல், உயிருள்ளதுபோல ஒரு நடுக்கம். அது அழகாக நடுங்குவதற்காக நொடிக்கு அறுபது தடவை திரை மாறியது. திரை மாறினால் திரை பேசும். பேசினால் மூளை எழுந்து வரும். ஆக, மிச்சத்தைக் காட்ட வந்த ஊசி, மிச்சத்தை மொத்தமாகத் தின்றுவிட்டு, பூஜ்யத்தில் நின்று நடுங்கியது.

கண்கூடு பூஜ்யத்தைப் பார்த்தார். பிறகு திரைக்காரனைப் பார்த்தார். "ஒண்ணுமே மிச்சமாகலையே?"

"ஊசிய எடுத்துட்டா ஆகும் சார்."

"ஊசிய எடுத்துட்டா ஆகுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் திரைக்காரனுக்குத் தொண்டை வற்றியது. வெள்ளைப் பலகையில் படம் போட்டான். தூங்குகிறவனை எழுப்பி, "தூங்குகிறாயா?" என்று கேட்பதுபோல என்றுகூடச் சொன்னான். கண்கூடு ரசித்துச் சிரித்தார், தலையாட்டினார், கடைசியில் ஒரு வழியும் கண்டுபிடித்தார். ஊசி இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்குமோ, அதை ஊசி காட்டட்டும்.

அப்படியே ஆகி, அப்டேட்டில் ஊசி ஊரெல்லாம் போனது. நடக்காத மிச்சத்தைக் காட்டிக்கொண்டு ஊசி கம்பீரமாக ஏறியது. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாட்டரி மட்டும் முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. அதைக் காட்ட ஊசி எதுவும் இல்லாததால் யாரும் கவலைப்படவில்லை.

திரைக்காரனுக்கு ராஜினாமாவை எழுதி முகத்தில் விட்டெறியலாம் என்று தோன்றியது. ஆனால் அக்காவுக்கு வேண்டியது ராஜினாமா அல்ல, சார்ஜ். அப்போதுதான் கண்கூட்டின் மேசையை உற்றுப் பார்த்தான். அவருடைய டேப்லட் ஸ்டாண்டில் நிற்கும், பின்னால் சார்ஜர் எப்போதும் செருகியிருக்கும். வாங்கிய நாளிலிருந்து அது அந்த மேசையை விட்டு இறங்கியதில்லை. அவரும்தான்.

டிரைவரில் நான்கைந்து வரி சேர்த்தான். சார்ஜர் செருகியிருந்தால் ஊசி ஓடும். பிடுங்கிவிட்டால் ஊசி அப்படியே நிற்கும், திரையும் வாயை மூடிக்கொள்ளும். அடுத்த அப்டேட்டில் அதுவும் போனது. கண்கூட்டின் ஊசி ராஜநடை போட்டது. ஊரெல்லாம் பைகளுக்குள்ளும் ஸ்கூட்டர் பெட்டிகளுக்குள்ளும் ஊசிகள் நின்றுபோயின, பாட்டரிகள் பிழைத்தன. திருட்டு வேலைதான். ஆனால் நேர்மையாகச் செய்த வேலைக்கு என்ன கதி என்று பார்த்தாகிவிட்டதே.

அந்த வாரம் முழுவதும் அக்கா ஒரு பதிவுகூட விடவில்லை. கடைசி வீட்டை முடித்துவிட்டு அங்கேயிருந்தே கூப்பிட்டாள்.

"டேய், பெரியவர் இன்னிக்கு என் கையப் பிடிச்சாருடா! பொட்டியும் சாகல. என்ன பண்ணின?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்? நல்லா இருக்குல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கு. வாய் தெறந்து சொல்ல மாட்டியே நீ, பெரிய மந்திரவாதி," என்று சிரித்தாள். அவனுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அன்று அவன் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான்.

திங்கட்கிழமை கண்கூடு எல்லோரையும் அவசரமாக அழைத்தார். முகம் பேயறைந்ததுபோல இருந்தது.

"வெளியிலேர்ந்து புகார் வந்திருக்கு. ஊசி நகரலையாம்."

திரைக்காரன் நாற்காலி நுனிக்கு வந்தான். "வேற ஏதாவது எழுதியிருக்காங்களா சார்?"

கண்கூடு போனைத் தள்ளித் தள்ளிப் படித்தார். "'சார்ஜ் இப்போது கடைசி வீடு வரைக்கும் நன்றாக நிற்கிறது. ஆனால் ஓரத்தில் இருக்கும் ஊசி நகரவில்லை. தயவுசெய்து கவனிக்கவும்.' பாத்தீங்களா? ரொம்பப் பொறுப்பான ஆளு. நல்லத முதல்ல சொல்லிட்டு அப்புறம் குறையச் சொல்லியிருக்காங்க."

கடைசி வீடு என்ற வார்த்தைகளைக் கேட்டதுமே திரைக்காரனுக்குக் காது அடைத்துவிட்டது. அதன்பின் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். சார்ஜ் நிற்கிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்களே என்றான். "அதான் நல்லா இருக்கே, இனி ஊசியும் ஓடினா குறையே இல்ல" என்றார் கண்கூடு. பிறகு, கண்கூடாகப் பார்க்க, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் டேப்லட்டின் சார்ஜரைப் பிடுங்கினார். ஊசி நின்றது. அவர் கண்ணில் தண்ணீர் வராத குறை.

ஊசியைச் சார்ஜரோடு கட்டிவைத்த அந்த நான்கைந்து வரிகளைத் தேடி அழிக்கப் படம் வரையும் பெண்ணையே உட்கார வைத்தார்கள். திரைக்காரனை நம்பவில்லை. மறுநாளே அவசர அப்டேட் போனது.

அவன் வராந்தாவுக்கு ஓடி அக்காவைக் கூப்பிட்டான். "புகார் எழுதினது நீயா?"

"ஆமா. எங்க எல்லாப் பொட்டியிலயும் ஊசி நின்னுபோச்சு. நீ பண்ணின பொட்டி, உன் பேரு கெட்டுடுமேன்னு, மத்தவங்க திட்டி எழுதறதுக்கு முன்னாடி நானே மரியாதையா எழுதிப் போட்டேன். இன்னிக்கு ஓட ஆரம்பிச்சிடுச்சு பாரு!"

"அக்கா, அது நின்னதாலதான் சார்ஜ் நின்னுச்சு."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "இத எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

கண்கூட்டுக்குப் பலகையில் படம் போட்டு விளக்கியவன், படம் வரையும் பெண்ணுக்கு விளக்கியவன், காபி மெஷின் பக்கத்தில் அகப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து விளக்கியவன், அந்த டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குப் புரியாது என்று நினைத்திருக்கிறான். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

அன்று சாயங்காலம் கடைசி வீட்டு வாசலில் டேப்லட் உயிரை விட்டது. மேட்ரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

அந்த வாரக் கடைசியில் அவன் ரெக்கார்டு ரூமுக்குப் போனான். அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேசை, மேசையில் அக்காவின் டேப்லட், பின்னால் சுவர் வரை நீண்ட சார்ஜர் வயர். ஊசி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. பெரியவரைப் பார்க்க இப்போது யார் போகிறார்கள் என்று கேட்டான். யாரோ புதுப் பெண், காரில் போகிறாள் என்றாள் அக்கா. அவர் திரும்பிப் பார்க்கிறாரா என்று அவன் கேட்கவில்லை.

"நான் திரும்ப ஏதாவது பண்றேன்கா. கொஞ்ச நாள்தான்."

"எதுக்கு?" என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க சார்ஜ் தீர்ற பேச்சே இல்லடா. வெளிய போனாத்தானே தீரும்."