ராஜா சுற்றிய மேஜை

என் கணவர் பட்டாபிக்கு யாருக்கும் தெரியாத ராஜாக்கள் மேல்தான் ஆசை. கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தார். தடுக்கி விழுந்தால் ஒரு சுல்தான் சமாதி இருக்கும் தில்லியில் உட்கார்ந்துகொண்டு, பசிபிக் கடலுக்கு நடுவில் ஹவாய்த் தீவுகளை ஒரு காலத்தில் ஆண்டவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். வகுப்பில் சொல்லப்போவதைக் காலையில் சாப்பிடும்போது என்னிடம் சொல்லிப் பார்ப்பார்.

புசா ரோடு வாடகை வீட்டில் எங்களுக்குச் சாப்பாட்டு மேஜை உண்டு. பஞ்ச்குயியான் ரோடில் அதை வாங்கியபோது, "பாபிஜி, ஜரா பைட்டியே" என்று கடைக்காரன் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னான். அந்த மேஜை முன்னால் நான் உட்கார்ந்தது அன்றைக்கு மட்டும்தான். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு, அவர் தட்டிலேயே போட்டுக்கொண்டு சமையலறையில் சாப்பிடுவேன். அம்மா அப்படித்தான் செய்தாள், நானும் செய்தேன். அவர் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனாலும் "நீயும் உக்காரு" என்று ஒரு நாளாவது அவராகச் சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

"அங்கெல்லாம் ஆம்பளையும் பொம்மனாட்டியும் சேர்ந்து சாப்பிடப்படாது, வைதேஹி. பெரிய சட்டம். பொம்மனாட்டி வாழப்பழம் தின்னா உயிரே போயிடும்" என்றார் ஒரு நாள்.

"இங்க வாழப்பழத்துக்குத் தடை இல்லையே, அதுவரைக்கும் க்ஷேமம்" என்றேன். அவருக்கு உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே சாம்பார் கேட்டார்.

லிஹோலிஹோ என்ற இளம் ராஜாதான் அந்தச் சட்டத்தை உடைத்தானாம். விருந்தில் ஆண்களுக்கு ஒரு மேஜை, பெண்களுக்கு ஒரு மேஜை. ராஜா பயந்துபோய் மேஜைகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு சட்டென்று பெண்கள் நடுவே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டான். கூட்டம் அலறியது. கோயில்களை இடித்தார்கள். பழைய சட்டம்தான் வேண்டும் என்று ராஜாவின் சித்தப்பா மகன் படை திரட்டினான். அவன் மனைவி மனோனோவும் கூடவே நின்று சண்டை போட்டாள். துப்பாக்கிக் குண்டு பட்டு அவன் விழுந்தான். அவன் பக்கத்திலேயே அவளும் விழுந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது.

"கூட உக்காந்து சாப்பிடப்படாது, கூடச் சாகலாமா? என்னன்னா நியாயம் இது?"

அவர் கை தட்டிலேயே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாழியாச்சு" என்று எழுந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

எழுபத்தெட்டாம் வருஷக் குளிர்காலத்தில் அவருக்குச் சாப்பாடு தொண்டையில் அடைக்க ஆரம்பித்தது. உணவுக்குழாயில் புற்று என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மூக்கில் டியூபுடன் வீட்டுக்கு வந்தார். குரலும் போய்விட்டது. கஞ்சியை வடிகட்டி டியூபில் நான் ஊற்றுவேன். தாளிக்கும் வாசனை அவருக்குப் போகக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே இரண்டு வாய் மோர்சாதம் விழுங்குவேன். பாவி வயிறு, அதற்குப் பசித்துத் தொலைத்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம். கஞ்சி ஊற்றிவிட்டு உள்ளே போனேன். மேஜைப் பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். சுவரைப் பிடித்தபடி அவர் நின்றார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு சுற்று வந்தார். மூச்சு வாங்கியது. நின்று, இன்னொரு சுற்று வந்தார்.

"என்னன்னா பண்றேள்? விழுந்துடப்போறேள்" என்று ஓடினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சட்டென்று புரிந்துவிட்டது.

ஒரு நாற்காலியை இழுத்து என்னைக் காட்டினார். எதிர் நாற்காலியில் தாமும் உட்கார்ந்தார். இரண்டு தட்டு வேண்டும் என்று விரலால் சொன்னார். சாதமும் ரசமும் கொண்டுவந்து வைத்தேன். தம் தட்டில் ஒரு பிடி சாதம் போட்டுப் பிசைந்தார். வாய்வரை கொண்டுபோக முடியாது என்று இருவருக்கும் தெரியும். பிசைந்துகொண்டே, என்னைச் சாப்பிடச் சொல்லித் தலையாட்டினார்.

எத்தனை வருஷம் வேண்டிக்கொண்ட சாப்பாடு! கண்ணீரும் ரசமுமாக விழுங்கினேன். இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

என் தட்டு காலியானது. கரண்டியை எடுத்து, "இன்னும் கொஞ்சம்?" என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். நாளும் நான் நின்றுகொண்டு அவரிடம் கேட்ட கேள்வி அது.

கழுத்துவரை நிறைந்திருந்தது எனக்கு. ஆனால் நான் போதும் என்றால் அவர் எழுந்துவிடுவார்.

"போடுங்கோ" என்றேன்.